கலியாணக் கூட்டத்துக்கு உடுப்பு எடுப்பது எப்படி? வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலபோக நெல் வெட்டி முடிந்து கையில் கொஞ்சம் காசு புழங்கும் நாட்களிலும், பிறகு ஆடி கழிந்து ஆவணி பிறந்ததும், வன்னியில் கலியாண வீடுகள் வரிசையாக வரும். கிளிநொச்சிப் பக்கம் சாறிச் சட்டை தைப்பதும் பெண்களை உடுத்திவிடுவதும்தான் என் வேலை. அளவு கொடுக்க வருகிறவர்கள் கேட்கிற கேள்விகளையே இங்கே எழுதுகிறேன். மண்டபம், சாப்பாடு, பந்தல் எல்லாம் வேறு கதை. இது மணமக்களோடு நிற்கப்போகிற கூட்டத்தின் உடுப்பைப் பற்றியது மட்டும். தோழியாக நிற்பதற்காக எந்தப் பிள்ளையும் கடன்படக் கூடாது என்பது என் எண்ணம். பதில்கள் எல்லாம் அதை வைத்துத்தான்.

கூட்டத்தில் யார் யாரைச் சேர்ப்பது?

சடங்குக்குக் கட்டாயம் வேண்டியவர்கள் கொஞ்சப் பேர்தான். மாப்பிள்ளையின் காலைக் கழுவி மோதிரம் வாங்கும் தோழன், அநேகமாகப் பெண்ணின் தம்பியோ அண்ணனோ. கூறை கொடுத்ததும் மணப்பெண்ணை உள்ளே கூட்டிப்போய் உடுத்திவிட்டு, பக்கத்திலேயே நிற்கிற தோழி, அநேகமாக மாப்பிள்ளையின் சகோதரி. ஆராத்தி எடுக்க இரண்டு பேர். தட்டம் தூக்கச் சிலர். சொந்தச் சகோதரம் இல்லாத இடத்தில் பெரியம்மாவின் மகனோ சித்தியின் மகளோ அந்த இடத்தில் நிற்கலாம். எங்கள் ஊர்களில் அப்படி நிற்பவர்கள் நிறையப் பேர். அதில் ஒரு குறையும் இல்லை.

மற்றவர்கள் எல்லாம் அன்புக்காகவும் படத்துக்காகவும் சேருகிறவர்கள்: கூடப் படித்த பிள்ளைகள், மச்சாள்மார், பெறாமக்கள், பூப்போடுகிற சின்னவர்கள். பன்னிரண்டு, பதினைந்து என்று போவது இங்கேதான். ஆட்களைக் குறைக்கச் சொல்லி நான் ஒருவருக்கும் சொல்வதில்லை. இடப்பெயர்வில் சிதறிப்போன சொந்தங்கள் ஒன்றாக நின்று ஒரு படம் எடுப்பதன் அருமை இந்த மண்ணில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் சாறி, சட்டை, தையல்கூலி, பூ, அலங்காரம் என்று ஐந்து கட்டம் போட்டு நிரப்புங்கள். சாறி விலையை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு ஆள் சேர்க்கிற வீடுகள்தான் கடைசி மாதத்தில் திண்டாடுகின்றன. சாறி 3500 ரூபாய் என்று வைத்தால், பன்னிரண்டு பேருக்கு 42,000 ரூபாய். லைனிங், தையல்கூலி, உள்பாவாடை, பூ எல்லாம் சேர ஆளுக்கு இன்னும் 2500 ரூபாய் வந்தால், மொத்தம் 72,000 ரூபாய். இரண்டாவது தொகையைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

காசு யார் கொடுப்பது? தோழிமாரே தங்கள் சாறியை எடுக்கட்டும் என்று சொல்லலாமா?

இன்ன சாறிதான், இன்ன கடையில்தான் என்று நீங்கள் சொன்னால் காசும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும். நிறத்தை மட்டும் சொல்லி, உள்ளதை உடுத்துக்கொண்டு வா என்றால் அவர்கள் தங்கள் கைக்கு ஏற்றபடி பார்த்துக்கொள்வார்கள். இந்த இரண்டுக்கும் இடையில் நின்று, "எல்லாரும் ஒரே சாறி, ஆளுக்கு இவ்வளவு காசு போடுங்கோ" என்று கேட்கும்போது, இல்லை என்று சொல்லத் தெரியாத பிள்ளைதான் மாட்டுப்படும். அவள் தாய் கிழமைக் கடன் கட்டுகிற குழுவில் இருப்பாள். கலியாணச் சாறிக்காக அந்தக் கடனில் இன்னொரு தவணை ஏறுவதை நான் கண்டிருக்கிறேன். தயவுசெய்து அதற்கு இடம் வைக்காதீர்கள்.

நாள் வைக்க ஒரு வருடம் இருக்கிறது என்றால் சீட்டு நல்ல வழி. நம்பிக்கையான ஆட்களோடு, கலியாணத்துக்கு நான்கு மாதத்துக்கு முன் உங்கள் முறை வருகிற மாதிரிக் கேட்டு வாங்குங்கள். வெளிநாட்டில் இருக்கும் மாமா, சித்தப்பா "என்ன வேணும்?" என்று கேட்டால், பொதுவாகக் காசு என்று சொல்லாமல், "தோழிமாரின் உடுப்பு உங்கட பொறுப்பு" என்று ஒன்றைக் குறித்துச் சொல்லுங்கள். என்ன செய்தோம் என்று அவருக்கும் நிறைவாக இருக்கும்.

எல்லோருக்கும் ஒரே சாறி எடுத்தால்தானே வடிவு?

வடிவுதான். ஆனால் செற் சாறி ஒன்றுதான் வழி என்றில்லை. நான் செய்து பார்த்ததில் செலவு குறைந்த முறை, சாறி அவரவருடையது, சட்டை எல்லோருக்கும் ஒன்று. கரையும் பூவும் அதிகம் இல்லாத சாறியாக, ஒரே நிறக் குடும்பத்தில், ஒவ்வொருவரிடமும் ஏதாவது ஒன்று இருக்கும். இல்லாவிட்டால் அக்காவிடமோ மாமியிடமோ இருக்கும். அதற்கு மேலே ஒரே துணியில், ஒரே கழுத்து வெட்டில் சட்டை தைத்துவிட்டால் படத்தில் கூட்டம் கூட்டமாகவே தெரியும். பச்சைச் சாறிகள் ஐந்து விதமாக இருந்தாலும் எல்லோருக்கும் ஒரே மஞ்சள் பட்டுத்துணிச் சட்டை என்றால் கண் சட்டையைத்தான் பிடிக்கும். குட்டைக் கை போதும் என்றால் ஒரு சட்டைக்கு 80 சென்ரிமீற்றர், முழங்கை வரை வேண்டும் என்றால் ஒரு மீற்றர் துணி. பன்னிரண்டு பேருக்கு 12 மீற்றர் போதும். ஒரே றோலில் இருந்து வெட்டி எடுங்கள். இன்று ஆறு, அடுத்த கிழமை ஆறு என்று எடுத்தால் சாயம் ஒரு பிடி மாறியே இருக்கும்.

இரண்டாவது வழி, ஒரே டிசைன், வேறு வேறு நிறம். இந்தியாவில் இருந்து வரும் சாறிகள் பெரும்பாலும் ஒரு டிசைனில் ஆறு, எட்டு நிறங்களாகக் கட்டுக்கட்டாகத்தான் கடைக்கு வரும். அந்தக் கட்டை அப்படியே எடுத்தால் கடைக்காரர் விலை குறைப்பார். ஏனென்றால் உடைந்த கட்டை விற்பதுதான் அவருக்குக் கரைச்சல். பன்னிரண்டும் ஒரே நிறம் என்றால் அவர் வேறு இடத்தில் தேடி எடுத்துத் தர வேண்டும், உங்களுக்கு விலையும் கூடும், நாளும் கூடும்.

இதெல்லாம் தெரிந்தும் ஒரே சாறிதான் வேண்டும் என்றால் எடுங்கள். அப்போது பிறகும் உடுக்கக்கூடிய சாறியாக எடுங்கள். கல்லும் முத்தும் ஒட்டிய சாறியை அந்தப் பிள்ளை ஆசிரியர் வேலைக்கோ கந்தோருக்கோ உடுத்துக்கொண்டு போக முடியாது. மெல்லிய கரை போட்ட சொஃப்ட் சில்க் என்றால் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கும் உடுப்பாள், இன்னொரு கலியாணத்துக்கும் உடுப்பாள்.

எந்த நிறம் எடுக்கலாம்?

மணப்பெண்ணின் கூறை சிவப்பாகவோ அரக்காகவோதான் இருக்கும். தோழிமார் அதைவிட்டு விலகி நிற்கட்டும். கறுப்பை வீட்டுப் பெரியவர்கள் விரும்பமாட்டார்கள், அதில் வாதாடி ஒரு பயனும் இல்லை.

பலர் யோசிக்காத விஷயம் புழுதி. ஏ9 வீதியை விட்டு உள்ளே இறங்கினால் இன்னும் எத்தனையோ கிறவல் வீதிகள். பால் வெள்ளை, இளம் ரோஸ் எல்லாம் வீட்டில் இருந்து மண்டபம் வருவதற்குள் கரையில் செம்மண் ஏறிவிடும். தேன்நிறம், மயில்பச்சை, கத்தரிப்பூ நிறம், கடும் நீலம் எல்லாம் தாங்கும். அடுத்தது வியர்வை. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் தகரப்பந்தலுக்குக் கீழே நிற்கிற பிள்ளைக்கு இளநீலச் சட்டையும் சாம்பல் சட்டையும் கைக்குழியில் வட்டம் போடும். சட்டையில் வேலைப்பாட்டைக் குறைத்து, உள்ளே பருத்தி லைனிங் கொடுத்தால் பாதி வேதனை தீரும்.

எங்கே போய் எடுப்பது மலிவு? கொழும்புக்குப் போகலாமா?

பத்துச் சாறிக்குக் குறைவு என்றால் கிளிநொச்சியோ வவுனியாவோ போதும். புதுக்குடியிருப்பு, முள்ளியவளை, மல்லாவிப் பக்கத்து ஆட்கள் முதலில் தங்கள் சந்தியில் உள்ள கடையில் விலை கேட்டுக்கொண்டு பிறகு வெளிக்கிடுங்கள். தெரிந்த கடைக்காரர் என்றால் மாற்றித் தருவார், கொஞ்சம் தவணையும் தருவார். கிளிநொச்சியில் இருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 65 கிலோமீற்றர். அங்கே தெரிவு கூட, ஆனால் ஒரு வான் பிடித்து எட்டுப் பேர் போனால் வான் காசு, சாப்பாடு, குளிர்களி என்று மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கேயே கரைந்துவிடும். இரண்டு பேர் பஸ்ஸில் போங்கள். மற்றவர்களுக்கு வட்சப்பில் படம் அனுப்புங்கள். படத்தில் நிறம் மாறித் தெரியும் என்பதால் கடைக்கு வெளியே கொண்டுவந்து வெயிலில் பிடித்து எடுத்து அனுப்புங்கள்.

கொழும்பு புறக்கோட்டைக்குப் போவது இருபது பேருக்கு மேல் என்றால்தான் கட்டும். 300 கிலோமீற்றருக்கு மேல் போய் எடுத்துவந்த துணியில் ஒரு சாறி கிழிந்திருந்தால் திரும்பிப்போய் மாற்ற முடியாது. எடுக்கிற இடத்திலேயே ஒவ்வொன்றையும் முழுதாக விரித்துப் பாருங்கள். 2022 இல் ரூபாயின் பெறுமதி விழுந்ததில் இருந்து இந்தியத் துணி எல்லாம் ஏறித்தான் கிடக்கிறது, அதனால் போன வருடம் யாரோ சொன்ன விலையை நம்பிப் புறப்படாதீர்கள்.

எங்கே எடுத்தாலும் ஒன்று மேலதிகமாக எடுங்கள். மிஞ்சினால் கை, கரை வைக்கவும் சின்னப்பிள்ளைக்குப் பாவாடை தைக்கவும் உதவும்.

சட்டை தைப்பதற்கு எவ்வளவு நாள் முன் கொடுக்க வேண்டும்?

துணி கைக்கு வர வேண்டியது இரண்டு மாதம் முன். தைப்பொங்கல், தீபாவளி, நத்தார் நெருங்குகிற நாட்கள் என்றால் மூன்று மாதம். தைக்கிறவரிடம் பன்னிரண்டு சட்டையை ஒரேயடியாகக் கொடுத்துவிட்டு ஒரு கிழமையில் கேட்டால் அவர் வேறு கைக்குப் பிரித்துக் கொடுப்பார். அப்போது கழுத்து ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஆழத்தில் வரும். பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போதுதான் அது தெரியும். ஒருவரே வெட்டட்டும். தைப்பதை வேண்டுமானால் இரண்டு பேர் செய்யலாம்.

அளவு கொடுக்கும்போது பழைய சட்டையைக் கொடுத்து "இதுபோல" என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். அந்தச் சட்டை தைத்த காலத்து உடம்பு இப்போது இல்லை. நேரில் நின்று, உள்ளே போடப்போகிற உள்ளாடையோடு அளவு கொடுங்கள். கையை உயர்த்திப் பாருங்கள், தட்டம் தூக்குகிற கை அது. பக்கத்தில் இரண்டு புறமும் உள்ளே ஒன்றரை அங்குலம் துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் துணி மிச்சம் பிடிக்க வெட்டிவிடுவார்கள். அந்த ஒன்றரை அங்குலம் இருந்தால் இரண்டு வருடம் கழித்தும் பிரித்துப் பெருப்பிக்கலாம், கடைசி நேரத்தில் ஆள் மாறினாலும் சமாளிக்கலாம். லைனிங் துணியை ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயவிட்டு வெட்ட வேண்டும். அப்படியே தைத்தால் முதல் தோய்வையில் உள்ளே சுருங்கி, வெளித்துணி பொம்மிக்கொண்டு நிற்கும். பால் கொடுக்கிற தாய் கூட்டத்தில் இருந்தால் முன்பக்கம் கொழுக்கி வையுங்கள். பின்பக்கக் கொழுக்கியோடு அவள் அன்று முழுக்கப் படுகிற பாடு எனக்குத் தெரியும்.

கொழுக்கி தைத்து முடிக்க முன் ஒரு தடவை எல்லோரையும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கலியாணத்துக்குப் பத்து நாள் முன் என்றால் திருத்த நேரம் இருக்கும்.

தோழி ஒருத்தி சுவிஸில் இருந்து மூன்று நாள் முன்தான் வருகிறாள். அவளுக்கு?

நெஞ்சு, இடை, தோள், கைச்சுற்று, கைநீளம், கழுத்து ஆழம் முன்னும் பின்னும். இந்த அளவுகளை அங்குலத்தில் எடுத்து, அளவுநாடா உடம்பில் இருக்கிறபடியே படமும் அனுப்பச் சொல்லுங்கள். பக்கம் மூட்டாமல் ஓட்டுத்தையல் மட்டும் போட்டு வையுங்கள். வந்த அன்றே போட்டுப் பார்த்து அடித்து முடிக்கலாம்.

கூறையையோ தோழிமாரின் சாறியையோ வாடகைக்கு எடுக்கலாமா?

கூறை வாடகைக்கு வேண்டாம். அது அவள் பெட்டியில் இருக்க வேண்டியது. எத்தனையோ தாய்மாரின் கூறை 2009 இல் வழியில் விட்டுவந்த பெட்டிகளோடு போய்விட்டது. மகளுக்குக் காட்ட ஒன்றும் இல்லாத அந்த வலி தெரிந்தவர்கள் விலை குறைந்த கூறையாக இருந்தாலும் சொந்தமாகத்தான் எடுக்கிறார்கள். அதுதான் சரி.

கூறைக்கு முன் உடுக்கிற சாறி, வரவேற்புக்கு உடுக்கிற லெஹங்கா, தலைப்பாகை, மாப்பிள்ளையின் கோட் இதெல்லாம் தாராளமாக வாடகைக்கு எடுக்கலாம். கொண்டுவரும்போது கறை, கிழிசல் எங்கே இருக்கிறது என்று கடைக்காரர் முன்னாலேயே படம் எடுத்து வையுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது வழக்கு வராது.

நகைக்கு?

தோழிமாருக்குக் கவரிங் போதும். எல்லோருக்கும் ஒரே தோடும் ஒரே வளையலும் எடுங்கள். சங்கிலி அவரவர் இஷ்டம். இரவல் தங்கம் போட்டுக்கொண்டு கூட்டத்தில் நிற்கிற பிள்ளைக்குக் கலியாணம் முடியும்வரை கழுத்திலேதான் கவனம் இருக்கும்.

சின்னப்பிள்ளைகளுக்கு என்ன தைக்கலாம்?

பாவாடை சட்டை. மிஞ்சின சாறியிலேயே தைத்துவிடலாம். இடுப்புக்கு இலாஸ்ரிக், கீழே நாலு அங்குலம் மடித்து வைத்தால் இரண்டு வருடம் போகும். பூப்போடுகிற கூடைக்குக் கடையில் காசு கொடுக்க வேண்டாம், ஊரில் பனையோலை இழைக்கிற அம்மாமாரிடம் சின்னப் பெட்டி சொல்லிச் செய்வியுங்கள். சாயம் போட்ட ஓலையில் அவ்வளவு வடிவாக வரும், அவர்களுக்கும் நாலு காசு கிடைக்கும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு அலங்காரம் ஒன்றும் வேண்டாம். பொட்டும் பூவும் போதும்.

ஆண்களுக்கு?

இது சுலபம். வேட்டி ஒரே கரை, சேர்ட் ஒரே நிறம், அவ்வளவுதான். பெரியவர்களுக்கு 8 முழம், பெடியளுக்கு 4 முழம். கட்டிப் பழகாத பெடியளுக்கு ஒட்டுகிற வேட்டி எடுங்கள், இல்லாவிட்டால் மோட்டார் சைக்கிளில் ஏறி இறங்குவதற்குள் அவிழ்ந்துவிடும். வேட்டியின் கரை தோழிமாரின் சட்டை நிறத்தோடு ஒத்துப்போனால் செலவில்லாமலே கூட்டம் ஒன்றாகத் தெரியும்.

எங்கள் அம்மா கைம்பெண். அவரை எங்கே நிறுத்துவது, என்ன உடுப்பாட்டுவது?

இந்தக் கேள்வியை மெல்லிய குரலில்தான் கேட்பார்கள். அநேகமாக அளவெடுத்து முடிந்து மற்றவர்கள் வெளியே போன பிறகு.

ஆராத்திக்கும் தாலி தொடுவதற்கும் சுமங்கலிப் பெண்களைக் கூப்பிடுவது வழக்கம். ஐயர் சொல்லும் சடங்கு எது, ஊர் சொல்லும் பழக்கம் எது என்பதை முன்கூட்டியே ஐயரிடம் கேளுங்கள். பல இடங்களில் தாயைத் தடுப்பது சடங்கு அல்ல, சனத்தின் வாய்தான் என்பது அப்போது தெரியவரும். ஆனால் உடுப்பில் யாரும் தடுக்க முடியாது. பிள்ளையைப் பதுங்குகுழியில் வைத்துக் காப்பாற்றி, முகாமில் வரிசையில் நின்று சோறு வாங்கிக் கொடுத்து, பிறகு கூலிக்கு வெங்காயம் கிண்டிப் படிப்பித்த தாய் அன்று சாம்பல்நிறச் சாறியோடு சமையலடியில் நிற்கக் கூடாது. கூட்டத்துக்கு எடுக்கிற நிறத்திலேயே அவருக்கும் ஒரு சாறி எடுங்கள். கேட்டால் வேண்டாம் என்பார். கேட்காமல் எடுத்து, சட்டையும் தைத்துக் கொடுத்துவிடுங்கள். தைத்ததை வீணாக்க அவருக்கு மனம் வராது. தட்டம் தூக்குகிறவர்களின் முன்வரிசையில் பிள்ளையின் தகப்பன் வழிச் சொந்தம் ஒருவரோடு அவரை நிறுத்துங்கள். மணமக்கள் முதல் விழுந்து கும்பிடுவது அவர் காலிலாக இருக்கட்டும்.

வேதக்காரர் வீட்டுக் கலியாணத்துக்கும் இதே முறையா?

கணக்கு ஒன்றுதான். பெண் வெள்ளைச் சாறியும் முக்காடும் என்பதால் தோழிமாரின் நிறத்தில் தெரிவு கூட. தோள், முதுகு மூடிய சட்டையா என்று பங்குத்தந்தையிடம் முன்பே கேளுங்கள். தவக்காலத்தில் கலியாணம் வைப்பதில்லை என்பதால் அதற்கு முந்திய கிழமைகளில் தையற்காரர்களுக்கு நெருக்கம்.

விடிய ஐந்தரைக்கு முகூர்த்தம். பன்னிரண்டு பேரை யார் உடுத்திவிடுவது?

முதல்நாள் பின்னேரமே சாறிகளின் கொய்யகத்தையும் தலைப்பையும் மடித்து, பின் குத்தி, அயன் பண்ணி, பெயர் எழுதிய பையில் போட்டுத் தொங்கவிடுங்கள். அப்படி வைத்தால் ஒருவரை உடுத்த பத்து நிமிடம். இல்லாவிட்டால் அரைமணி. மின்சாரம் நிற்கலாம் என்பதால் அயன் வேலையை விடியலுக்கு வைக்காதீர்கள்.

அலங்காரக்காரரை மணப்பெண்ணுக்கு மட்டும் பேசுங்கள். அவருக்குக் கூறை மாற்றும்போது இன்னொரு தடவை வேலை இருக்கிறது. தோழிமாருக்கு ஊரில் நன்றாக உடுத்தத் தெரிந்த இரண்டு அக்காமாரைக் கேளுங்கள், அவர்களுக்கு ஒரு சாறியோ காசோ வைத்துக் கொடுங்கள். சும்மா வாங்காதீர்கள். தோழி முதலில் உடுத்து முடிக்கட்டும், சின்னப்பிள்ளைகள் கடைசியில். பூ எல்லோருக்கும் கட்டின பிறகு தேநீர் வேண்டாம், அதற்கு முன் கொடுங்கள். பசியோடு நிற்கிற பிள்ளைதான் மணவறைக்குப் பக்கத்தில் மயங்கி விழுவாள்.

தட்டங்களை விலைக்கு வாங்க வேண்டுமா?

வேண்டாம். பல ஊர்களில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திலோ கோயிலிலோ தட்டங்கள், குத்துவிளக்கு, கதிரை எல்லாம் சின்ன வாடகைக்கு இருக்கும். ஒற்றைப்படை எண்ணிக்கையில் எடுங்கள். அடியில் விரிக்கிற துணியை மிஞ்சின சட்டைத்துணியில் வெட்டினால் அதுவும் கூட்டத்தோடு ஒத்துப்போகும்.

கடைசி நேரத்தில் ஒரு தோழி வரமுடியாமல் போனால்?

நடக்கிறதுதான். செத்தவீடு, வருத்தம், வேலையில் லீவு இல்லை, ஏதாவது ஒன்று. கோபிக்காதீர்கள். அவள் அளவுக்குக் கிட்டிய உடம்புள்ள மச்சாள் யார் என்று கொப்பியைப் பாருங்கள். உள்ளே ஒன்றரை அங்குலம் விட்டிருந்தால் ஒரு மணித்தியாலத்தில் பிரித்துத் தைத்துவிடலாம். உடுப்பு கலியாணம் முடிந்த பிறகு முதலில் அளவு கொடுத்த பிள்ளைக்கே போகட்டும், அவள் பெயரில் எடுத்த சாறி அது.